வருங்கால மாப்பிள்ளையின் பச்சை டிரம்

கல்யாணப் பரிசு வாங்கக் கடைக்குள் நுழைகிற மனிதனின் முகத்தை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன்கூட அதைவிடக் கொஞ்சம் மலர்ச்சியாக இருப்பான். 'அவன் நம்ம வீட்டுக்கு என்ன செஞ்சான்?' என்பது அவன் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. 'நாம எத்தனை பேர் சாப்பிடப் போறோம்?' என்பது அடுத்தது. 'பொட்டலம் பெருசாத் தெரியுமா?' என்பது கடைசி. கல்யாணம் செய்துகொள்கிற இரண்டு பேருக்கு என்ன தேவை என்ற கேள்வி மட்டும் வரவே வராது. அதனால்தான் நம் வீட்டுப் பரண்களில் ஓடாத சுவர்க்கடிகாரங்களும், ஒருமுறைகூட ஜூஸைப் பார்த்திராத லெமன் செட்டுகளும், ஜோடி வாத்துப் பொம்மைகளும் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த உண்மையை உலகத்தில் நான் ஒருவன்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று இருபத்தேழு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். (அந்த வயதில் எல்லா ஆண்களுக்கும் ஏதாவது ஒரு கண்டுபிடிப்பு இருக்கும். அவர்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கல்யாண மேடை ஏறுவதில்லை, அவ்வளவுதான்.)

தொண்ணூறுகளின் கடைசி. வாணியம்பாடியிலிருந்து வந்து, பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லிங்கராஜபுரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் சுகுணா. மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருக்கும் குடும்பம். அப்பா பூபாலன், அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூ வைத்தாகிவிட்டது. சுகுணாவின் அண்ணன் தினகரனின் கல்யாணம் முடிந்ததும் எங்களுக்குத் தேதி குறிப்பதாகப் பேச்சு. அதாவது நான் 'வருங்கால மாப்பிள்ளை'. வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவன் மாதிரி ஒரு பதவி அது. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம்.

பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு அந்த வீட்டின் தேவை புரிந்துவிட்டது. சுகுணா காபி கொண்டுவந்து, நான் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கப் போன நேரத்தில், வாசலில் யாரோ "தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். அடுத்த நிமிடம் கூடத்தில் நானும் கேசரித் தட்டும் மட்டும்தான். பெண், பெண்ணின் அம்மா, அண்ணன், ஏன் பூபாலன் மாமாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு ஓடிவிட்டார். அந்தப் பேட்டையில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதுவும் மனது வைத்தால்.

தினகரன் கல்யாணம் நெருங்கியபோது சுகுணா என் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, கல்யாணத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அதைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"யோசிக்கவே வேணாம். ஒரு கவர்ல ஐநூத்தி ஒண்ணு வெச்சு எங்கண்ணன் கையில குடுங்க, போதும். அப்பா உங்களையேதான் பாத்துட்டு இருப்பார். பையனுக்கு நாலு பேர் மத்தியில நடந்துக்கத் தெரியுமான்னு எங்கிட்டயே ரெண்டு வாட்டி கேட்டுட்டார்."

"கவரா?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. "மூளை இல்லாதவன் வெக்கிறதுதான் கவர், சுகுணா. நான் குடுக்கறத உங்க வீட்ல தினமும் நினைப்பாங்க, பாரு."

(நினைக்கிறார்கள். அதில் மட்டும் நான் சொன்னது பலித்தது.)

அத்திபெலேயில் என் சிநேகிதன் பாபு பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தான். அவனிடம் இருந்ததிலேயே பெரிய தண்ணீர் டிரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பச்சை நிறம், என் மார்பளவு உயரம். மூடியை இரும்பு வளையம் போட்டு இறுக்கி மூடலாம். வெறும் டிரம்மாகக் கொடுத்தால் என் புத்திசாலித்தனம் எப்படித் தெரியும்? மூடியின் நடுவில் ரப்பர் குழாய் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடச் சொன்னேன். மூடியைத் திறக்காமலே தண்ணீர் பிடிக்கலாம். அடியில் ஒரு பித்தளைக் குழாய். குனிந்து மொள்ள வேண்டாம். பிறகு கலர் காகிதம் வாங்கினேன். தங்க நிறத்தில் பூப்போட்டது. ஒரு டிரம்மின் இடுப்பளவு எவ்வளவு என்பது அதற்குக் காகிதம் சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். டிரம், குழாய், காகிதம், டெம்போ வாடகை எல்லாம் சேர்ந்து சுகுணா சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதை மறுபடி ஞாபகப்படுத்துகிறேன்.

பாபு மட்டும் தயங்கினான். "குரு, கல்யாணத்துக்கு யாராவது டிரம் குடுப்பாங்களா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. அதான் நான் குடுக்கறேன்" என்றேன்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிங்கராஜபுரத்திலேயே ஒரு சவுல்ட்ரியில். (பெங்களூரில் கல்யாண மண்டபத்துக்கு அதுதான் பேர்.) நல்ல ஏப்ரல் வெயில். மாடியில் மணமேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். தாலி கட்டி முடிந்ததும் பரிசு கொடுக்க வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் கையில் சுவர்க்கடிகாரம். அவருக்கு முன்னால் நின்றவர் கையிலும் சுவர்க்கடிகாரம். நான் இருவரையும் ஏளனமாகப் பார்த்துவிட்டு டிரம்மை ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டிருந்தேன். மேடைப் படியில் நான் முன்னால் இழுக்க, முன்பின் தெரியாத ஒருவர் பின்னால் தள்ள, தங்கக் காகிதம் சர்ரென்று கிழிந்தது. போட்டோக்காரர் காமிராவை இறக்கிவிட்டு, "சார், அது ஃப்ரேம்ல நிக்கல. சொல்ப அந்தாண்ட வெச்சுட்டு நில்லுங்க" என்றார்.

மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பூபாலன் மாமாவின் அக்கா ருக்மணி நின்றிருந்தார். ஊருக்கே அவர் ருக்கு அத்தை. தினகரன் கையில் வந்து விழும் மொய்க்கவர்களை வாங்கித் தன் பையில் போடுவது அவர் வேலை. அந்தக் குடும்பத்தில் பூபாலன் மாமா அதட்டினால் எல்லோரும் நடுங்குவார்கள். ருக்கு அத்தை இருமினால் பூபாலன் மாமா நடுங்குவார்.

"இன்னாப்பா இது, இம்மாம் பெருசு? உள்ள இன்னா வெச்சிருக்க?"

நான் நிமிர்ந்து, பெருமையாகவே சொன்னேன். "உள்ள ஒண்ணுமில்ல அத்தை. காலி டிரம்."

"காலியா?"

"காலிதான்."

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாரோ, என்னால்தான் நிறுத்தினாரோ, எனக்குத் தெரியாது.

"அய்யோ தேவ்ரே! கல்யாண மேடைக்கு வெறும் பாத்திரத்த எத்துக்கினு வந்தியா? பக்கத்து வூட்டுச் சொம்பத் திருப்பிக் குடுத்தாக்கூட ரெண்டு சக்கர போட்டுத்தானடா குடுப்போம்!"

உண்மைதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நல்ல காரியத்தில் எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி அரிசியாவது உள்ளே இருக்க வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அன்று மூட்டுவலியால் வராமலிருந்த என் அம்மா வந்திருந்தால், தன் புடவைத் தலைப்பிலிருந்தாவது எதையாவது எடுத்து உள்ளே போட்டிருப்பார். எனக்குப் பரிசின் பயன்பாடுதான் தெரியும். பண்பாடு தெரியாது.

அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "அத்தை, இது தண்ணி பிடிக்கிற டிரம். தண்ணியை நிரப்பியா கொண்டு வருவாங்க? இந்தக் காலத்துல போய் இதெல்லாம் பாத்துக்கிட்டு..." என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். புதுப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தூரத்தில் சுகுணா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பூபாலன் மாமா மெதுவாக என் அருகில் வந்தார். கோபப்படவே இல்லை.

"கீழ போய் ஏதாவது ஜூஸ் குடிச்சிட்டு வாங்க, தம்பி" என்றார்.

காலையில் வாசலில் வரவேற்றபோது நான் 'மாப்பிள்ளை'. இப்போது 'தம்பி'. கல்யாணமாகாத ஒருவனுக்கு அதைவிடப் பெரிய பதவி இறக்கம் இருக்கிறதா?

நான் போய்க் கீழே ஜூஸ் கவுன்ட்டர் அருகில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தின் மூடத்தனத்தை நினைத்து நினைத்து மருகினேன். அந்த நேரத்தில் மேடையில் நடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. ருக்கு அத்தை அபசகுனத்தைக் கழிக்க, மூடியின் ஓட்டை வழியாக ஒரு பிடி மஞ்சள் அரிசியைப் போட்டிருக்கிறார். போட்டவர் அந்த ஓட்டையை உற்றுப் பார்த்திருக்கிறார். கோயில் உண்டியல் மாதிரியே இருந்திருக்கிறது. அவர் பையோ கவர்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. "லட்சுமி உள்ள போவட்டும், தோஷம் தீந்துடும்" என்று பையிலிருந்த கவர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி உள்ளே தள்ளியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்களும் தங்கள் மொய்யை அதிலேயே போட்டிருக்கிறார்கள். ஓட்டையை நான்தான் போட்டேன் என்று பாராட்ட ஒரு ஆள் இல்லை.

இரண்டாம் பந்தி முடிகிற நேரத்தில் கீழே கூச்சல் எழுந்தது. மின்சாரம் போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை, மாடித் தொட்டி காலி. சாப்பிட்டவர்கள் எல்லாம் எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. ஆனால் பிடித்துவைக்கப் பாத்திரம் இல்லை. இருந்த அண்டாவிலெல்லாம் ரசமும் மோரும். "ஏதாச்சும் பெருசாக் கொண்டாங்கப்பா!" என்று சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதற்காகத்தானே நான் பிறந்தேன்!

இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஓடினேன். மணமக்கள் உட்பட எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ருக்கு அத்தையும் அப்போதுதான் பந்தியில் உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் என் டிரம், அவமானப்பட்ட பிள்ளை மாதிரி தனியாக நின்றது. கிழிந்த காகிதத்தை முழுவதும் உரித்தெறிந்துவிட்டு, பரிமாறுகிற ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்து அதைக் கீழே இறக்கினேன். இறக்கும்போது உள்ளே கிணுகிணுவென்று ஏதோ சத்தம். (கவர்களில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயங்கள்.) குழாயின் மறை கழன்றுவிட்டது போலிருக்கிறது, இந்தப் பாபு எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய மாட்டான் என்று திட்டிக்கொண்டேன். லாரியின் குழாயை எடுத்து, ஓட்டைக்குள் நானே சொருகி, "விடுங்கண்ணா!" என்று கையசைத்தேன்.

டிரம் நிறைந்தது. வரிசை நின்றது. நான் பக்கத்தில் நின்று பித்தளைக் குழாயை ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே திறந்துவிட்டேன். "நல்லாக் கழுவுங்க, நிறைய இருக்கு. இது நான் குடுத்ததுதான்." கடிகாரக்காரர் வந்தபோது, "உங்க கடிகாரத்துல கை கழுவ முடியுமா சார்?" என்றுகூடக் கேட்டேன். அவ்வளவு திமிர்.

பூபாலன் மாமாவும் வந்தார். கையைக் கழுவினார். சுற்றிலும் பார்த்தார். நூறு பேர் முன்னால் தலைகுனிய வேண்டிய நிலைமையிலிருந்து அந்த டிரம்தான் காப்பாற்றியது என்பது அவருக்கும் புரிந்தது. முகம் இளகியது.

"பரவால்லயே, மாப்பிள்ளை" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் பத்து டிரம் வாங்கியிருப்பேன். என் வாழ்க்கையிலேயே ஆக உயர்ந்த கணம் அது. நீடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா தன் கையைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். இந்தமுறை தண்ணீர் லேசான நீல நிறத்தில் வந்தது. கூடவே நாலு அரிசி. பிறகு குழாய் இரண்டு தடவை கனைத்துவிட்டு நின்றுபோனது. நான் விரலை விட்டு அடைப்பை நோண்டினேன். மெதுவாக ஒரு காகிதத் துண்டு வெளியே வந்தது. ஒரு மூலையில் மஞ்சள். நடுவில் தங்க எழுத்தில் 'வாழ்த்துகளுடன்'.

அதே நேரத்தில், பந்தியிலிருந்து எழுந்து மாடிக்குப் போயிருந்த ருக்கு அத்தையின் குரல் கேட்டது. "டேய் பூபாலா! மொய் டிரம்மு எங்கடா?"

டிரம்மைக் கவிழ்த்தோம். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் சவுல்ட்ரி மொட்டைமாடியில் பட்டுவேட்டிகளை விரித்து ரூபாய் நோட்டுகளை வடாம் காயவைக்கிற மாதிரி காயவைத்தார்கள். கழுத்தில் மாலையோடு தினகரன் ஒரு பக்கம் காற்றுக்கு மறைப்பாக நின்றான். புதுப்பெண் குடையைப் பிடித்துக்கொண்டு காக்காய் விரட்டினாள். என்னை எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பணம் ஒன்றும் போகவில்லை. போனது அதைவிடப் பெரியது. கவர்களின் பசை விட்டு, கவர் வேறு நோட்டு வேறாகி, பேர் எழுதிய மையும் கரைந்து, யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. மொய் என்றால் அன்பளிப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். அவன் நூற்றியொன்று வைத்தால் நாளை அவன் வீட்டில் நாம் நூற்றியொன்றுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். கூடவும் வைத்துவிடக் கூடாது, வைத்தால் நஷ்டம். எதிராளி வைத்தது தெரியாவிட்டால் ஒரு குடும்பம் எப்படித்தான் வாழும்?

சேதி அந்த வாரமே ஊருக்குள் பரவியது. பரவியதும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் போகிறபோக்கில் ஒரு தொகையையும் சொல்லிவிட்டுப் போனார்கள். "நான் ஆயிரத்தியொண்ணு வெச்சேன் பூபாலா, அதுக்காகச் சொல்லல." ஒருத்தராவது நூற்றியொன்று என்று சொல்ல வேண்டுமே! அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டினால், மொட்டைமாடியில் காய்ந்ததைப்போல மூன்று மடங்கு வந்தது. தொடர்ந்து ஏழெட்டுக் கல்யாணங்களுக்கு வாங்காத பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலைமைக்குப் பூபாலன் மாமா வந்துவிட்டார்.

சுகுணா மறுபடி ஆபீசுக்குப் போன் செய்தாள். "அப்பா உங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார்."

"மொய் நனைஞ்சதுக்காகவா?"

"இல்ல. காலி டிரம்மோட மேடையில நின்னு அத்தைகிட்ட வாயாடினீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டாராம். அவ்ளோ சொன்னேனே உங்ககிட்ட, ஒரு கவர்னு."

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். என் அறிவு, என் கண்டுபிடிப்பு எல்லாவற்றின் மேலும் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ஐநூற்றியொரு ரூபாய். ஒரு கவர். எந்த மடையனும் செய்கிற காரியம்.

காப்பாற்றியது ருக்கு அத்தை. என் மேல் இரக்கப்பட்டெல்லாம் இல்லை. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பூபாலா, அதே ஆளுங்க, மறுபடி மொய் வெக்கணும். அப்பதான் எவன் எவ்ளோன்னு தெரியும். அதுக்கு இன்னொரு கல்யாணம் வேணும். சொல்லு, நம்ம வூட்ல இப்ப ரெடியா இருக்கறது யாரு?"

எங்கள் கல்யாணத்துக்கு ஆவணியிலேயே தேதி குறிக்கப்பட்டது. வேறு பையன் தேடிக்கொண்டிருந்தால் எல்லோரும் சொன்னதை மறந்துவிடுவார்களாம். அதே சவுல்ட்ரி, அதே மேடை. ருக்கு அத்தை வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கவரோடு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, உரக்க, அன்பாகக் கேட்டார்.

"வாப்பா மணி. தினகரனுக்கு ஆயிரத்தியொண்ணு வெச்சேன்னு வூட்டுக்கு வந்து சொன்னியே, பெரிய மனசுப்பா உனக்கு. தங்கச்சிக்கு மட்டும் கொறைச்சுடுவியா இன்னா?"

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவி, தூணுக்குப் பின்னால் போய், கவரைப் பிரித்து, பர்ஸையும் பக்கத்தில் நின்றவரின் பர்ஸையும் காலி செய்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சொன்ன பொய்க்கு ரொக்கம் கட்டிய சனத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மொய் முழுவதும் பூபாலன் மாமாவிடம் போனது. அவர் எங்களுக்குக் கொடுத்த சீரில் அந்தப் பச்சை டிரம்மும் இருந்தது. விளிம்புவரை அரிசி. மூடியின் ஓட்டையை மஞ்சள் துணியால் இறுக அடைத்தே விட்டிருந்தார்கள்.

"இதத் தொறந்தா கைய ஒடைப்பேன், மாப்பிள்ளை" என்றார் மாமா.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது கூட்டிச் சொன்னால் "டிரம் கணக்கா?" என்றுதான் கேட்பார்கள். நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கை கழுவ எழுந்தால்கூட, யாராவது ஒருவர் மொய்ப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் என் மகள் இந்தக் கதையை நூறாவது தடவையாகக் கேட்டுவிட்டு அவள் அம்மாவிடம் கேட்டாள்:

"அப்போ அந்த மொய் மட்டும் நனையாம இருந்திருந்தா?"

சுகுணா கவரில் ஐநூற்றியொன்றை வைத்து, பேரைப் பென்சிலால் எழுதிக்கொண்டே சொன்னாள். "உங்கப்பாவுக்கு என்னையும் குடுத்திருக்க மாட்டாங்க, டிரம்மையும் குடுத்திருக்க மாட்டாங்க."